திரையில் ஓர் ஆசிரியை, வகுப்பில் ஓர் ஆசிரியை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



நீச்சல் கற்க விரும்பும் ஒருத்தி கரையில் அமர்ந்து நீச்சலைப் பற்றிய நூல்களை எத்தனை படித்தாலும் நீந்த முடியாது. தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அருகில் நின்று தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். அயல்மொழி கற்பதும் இது போன்றதே. காதால் கேட்க வேண்டும். வாய்விட்டுப் பேச வேண்டும். பேசியது தவறானால் திருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த மொழியை அறிந்த ஆள் நம் ஊரிலேயே இல்லையென்றால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விஞ்ஞானம் இன்று ஒரு விடை தருகிறது. இணையத்தின் வழியாகத் தொலைவில் இருக்கும் ஆசிரியரை வகுப்பறைக்கே வரவழைத்துவிடலாம். அப்படியானால் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு வேலை இல்லையா என்ற அடுத்த கேள்வி உடனே எழுகிறது. இணையவழிப் பாடத்தையும் நேர்முகப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் முறைக்குக் கலப்பு முறைக் கற்பித்தல் என்று பெயர். அம்முறையில் இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் எத்தகைய பங்கு உண்டு என்பதை, தென் அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய நாட்டின் அனுபவத்தைக் கொண்டும், என்னுடைய சிறு அனுபவத்தைக் கொண்டும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இசைத்தட்டு முதல் இணையம் வரை

தொலைவிலிருந்து மொழி கற்பிப்பது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. ஒலிப்பதிவுகளைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே மொழி கற்பிக்க 1901ஆம் ஆண்டிலேயே லண்டனில் லிங்குவாஃபோன் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறகு வானொலி வந்தது, பி.பி.சி. 1943ஆம் ஆண்டு முதல் வானொலியில் ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பியது. அதன்பின் ஒலிநாடாவும், காதில் கேள்பொறியை மாட்டிக்கொண்டு பயிலும் மொழிப் பயிற்சிக் கூடங்களும் வந்தன.

இவையெல்லாம் மிகுந்த பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. ஒரு தாய்மொழிக்காரரின் உச்சரிப்பைக் கடல் தாண்டியிருப்பவர்களும் கேட்க முடிந்தது. ஆனால் இவற்றில் ஒரு பெரிய குறை இருந்தது. இசைத்தட்டு ஆயிரம் முறை பேசும். நாம் பேசுவதை ஒரு முறைகூடக் கேட்காது. நாம் சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் அது அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

இணையம் இக்குறையில் ஒரு பகுதியை நீக்கியது. இப்போது திரையில் இருப்பவர் நம்மைப் பார்க்கவும் கேட்கவும் முடியும். ஒரு பகுதியைத்தான் என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

உருகுவே நாட்டின் தேவை

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே அமைந்த நாடு உருகுவே. மக்கள்தொகை சுமார் 35 லட்சம். மாடுகளின் எண்ணிக்கையோ அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல்! 1930ஆம் ஆண்டில் முதலாவது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தி, அந்தக் கோப்பையைத் தானே வென்ற நாடும் இதுதான். மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி.

கல்வியில் இந்நாடு மிகவும் முன்னதாகவே விழித்துக்கொண்டது. ஹொசே பெத்ரோ வரேலா என்ற சீர்திருத்தவாதியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டிலேயே இலவசக் கட்டாயக் கல்விக்குச் சட்டம் பிறந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் வெள்ளை மேலங்கி அணிந்து, கழுத்தில் பெரிய நீல நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே உடுத்தியிருப்பது புதிய உடையா பழைய உடையா என்பது வெளியே தெரியாது.

2007ஆம் ஆண்டில் அப்போதைய அதிபர் தபரே வாஸ்கஸ் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி, ஒவ்வொரு பள்ளிக்கும் இணைய இணைப்பு என்பதே அத்திட்டம். அதற்குச் செய்பால் திட்டம் என்று பெயர். செய்பால் என்றால் செய்போ மரங்கள் நிறைந்த தோப்பு. செய்போவின் சிவந்த மலரே உருகுவேயின் தேசிய மலர். நம் வீட்டு வேலியில் வளரும் கலியாண முருங்கையும் அந்த மரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் என்று அறிந்தபோது, கண்டிராத அந்நாடு எனக்குச் சற்று நெருங்கி வந்தது போலிருந்தது.

வில்லா கார்தால் என்ற சிற்றூரின் பள்ளியில் 2007 மே மாதம் முதல் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2009ஆம் ஆண்டுக்குள் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவரின் கையிலும் கணினி இருந்தது.

கணினி வந்துவிட்டது. ஆனால் ஆங்கில ஆசிரியர்கள்? எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போதுமான ஆங்கில ஆசிரியர்கள் அந்நாட்டில் இல்லை. புதிதாகப் பயிற்சி தந்து உருவாக்குவதென்றால் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான், பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்துழைப்போடு 2012ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கப்பட்ட செய்பால் ஆங்கிலத் திட்டம். சில பள்ளிகளில் தொடங்கிய அது, சில ஆண்டுகளில் 4, 5, 6ஆம் வகுப்புகளில் பயிலும் ஏறத்தாழ 80,000 குழந்தைகளை எட்டியது.

ஒரு வாரம், மூன்று பாடங்கள்

இத்திட்டத்தில் ஆங்கிலப் பாடம் வாரம் மூன்று முறை நடைபெறுகிறது.

முதல் பாடத்தை நடத்துபவர் தொலை ஆசிரியர். வகுப்பறையின் முன்புறம் ஒரு பெரிய திரை. அதனருகே ஒளிப்பதிவுக் கருவியும் ஒலிவாங்கியும். குறித்த நேரத்தில் ஆங்கில ஆசிரியர் திரையில் தோன்றுவார். 45 நிமிடங்கள் குழந்தைகளோடு பேசுவார், பாடுவார், கேள்வி கேட்பார். அவர் உருகுவேயின் வேறொரு நகரில் இருக்கலாம். அண்டை நாடான அர்ஜென்டினாவில் இருக்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இருக்கலாம். பிலிப்பைன்சுக்கும் உருகுவேக்கும் 11 மணி நேர வேறுபாடு உண்டு. குழந்தைகளுக்குக் காலை 10 மணி என்றால் அந்த ஆசிரியருக்கு இரவு 9 மணி. தம் ஊர் உறங்கப் போகும் நேரத்தில் அவர் "காலை வணக்கம் குழந்தைகளே!" என்று புன்னகையோடு சொல்லிப் பாடத்தைத் தொடங்குவார்.

அந்த வாரத்தின் மற்ற இரண்டு பாடங்களை நடத்துபவர் அவ்வகுப்பின் சொந்த ஆசிரியை. கணக்கையும் மற்றப் பாடங்களையும் நாள்தோறும் கற்பிக்கும் அதே ஆசிரியை. திரையில் கற்ற சொற்களை விளையாட்டாகவும், படங்களாகவும், இருவர் இருவராகப் பேசும் பயிற்சியாகவும் அவர் மீண்டும் செய்ய வைப்பார். ஒலிப்பதிவுகளைக் கணினியில் இயக்கிக் காட்டுவார்.

இந்த இரு ஆசிரியர்களும் ஒவ்வொரு வாரமும் தங்களுக்குள் கலந்து பேசிக்கொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் இன்றியமையாத பகுதி. போன பாடத்தில் யார் பின்தங்கினார்கள், எந்தச் சொல் புரியவில்லை, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வார்கள். கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் இழுத்தால் குடும்பம் நடக்குமா? அதுபோல இரு ஆசிரியர்களும் இரு திசைகளில் இழுத்தால் வகுப்பு நடக்காது.

தெரியாததைக் கற்பிக்கும் ஆசிரியை

தோழியரே, இத்திட்டத்தில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தியை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். வகுப்பில் நிற்கும் அந்த ஆசிரியைகளில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது!

ஆங்கிலம் தெரியாதவர் எப்படி ஆங்கிலப் பாடம் நடத்த முடியும் என்று நானும் முதலில் திகைத்தேன். இதற்காகப் பாடக் குறிப்புகள் அவருடைய தாய்மொழியான ஸ்பானிய மொழியில் படிப்படியாக எழுதித் தரப்படுகின்றன. ஆங்கிலம் கற்க விரும்பும் ஆசிரியைகளுக்கு இணையவழியில் தனிப் பாடமும் உண்டு. இவற்றின் துணையோடு அவர் குழந்தைகளோடு சேர்ந்து தாமும் கற்கிறார். திரையில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லும்போது குழந்தைகளோடு அவரும் சொல்லிப் பார்க்கிறார். தெரியாத இடத்தில், "எனக்கும் தெரியவில்லை, வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லலாம், அதில் அவமானம் இல்லை.

ஸ்பானிய மொழி பேசுவோருக்கு 'ஸ்' என்ற ஒலியில் தொடங்கி உடனே மற்றொரு மெய் வரும் சொற்கள் வாயில் எளிதாக வருவதில்லை. 'ஸ்கூல்' என்பதற்கு 'எஸ்கூல்' என்பார்கள். நம் ஊரில் பாட்டிமார் 'இஸ்கூல்' என்று சொல்வதில்லையா? அதே கதைதான். வகுப்பில் ஒரு சிறுவன் 'எஸ்கூல்' என்று சொல்லித் தடுமாறும்போது, அவனுடைய சொந்த ஆசிரியையும் அதே இடத்தில் தடுமாறி, மீண்டும் சொல்லிப் பார்ப்பதை அவன் காண்கிறான். தவறு செய்வது கற்பதன் ஒரு பகுதி என்று பத்து முறை சொல்வதைவிட இது எவ்வளவு பெரிய பாடம்!

மேலும், மொழி தெரியாவிட்டாலும் அவருக்கு வேறொன்று தெரியும். எந்தக் குழந்தை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்தக் குழந்தை பயத்தால் வாய் திறப்பதில்லை, எந்தக் குழந்தை தெரிந்தது போல் தலையாட்டுகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கும் ஆசிரியருக்கு, கடைசி வரிசையில் குனிந்திருக்கும் தலை ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும். மொழி அறிவு திரையில் இருக்கிறது. குழந்தையைப் பற்றிய அறிவு வகுப்பில் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் பாடம் முழுமை பெறுகிறது.

இதில் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. இணைப்பு அறுந்தால் பாடம் நின்றுவிடும். ஒலி சற்றுத் தாமதமாக வந்தால் கேள்வியும் பதிலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மாணவியருக்கு முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் துணிவு எல்லாப் பெரியவர்களுக்கும் எளிதில் வந்துவிடாது. எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கொள்ளைநோயின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் உருகுவேயில் பள்ளிகள் மூடப்பட்டபோது, அங்கே கணினியும் இணையப் பாடத்தளமும் முன்பே ஆயத்தமாக இருந்தன. அப்படியிருந்தும் அந்நாடு கணினி இருக்கிறதே என்று வாளாவிருக்கவில்லை. அடுத்த மாதமே, ஏப்ரலில், கிராமப்புறப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. கருவிகளை நன்கு அறிந்தவர்களே வகுப்பறையின் அருமையையும் அறிந்திருந்தார்கள்.

சக்கரத்தில் குடியிருந்த கதை

இனி என் கதைக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பிரெஞ்சு மொழியைப் புதிதாகத் தொடங்கினோம். பள்ளி மூடியிருந்ததால் பாடமெல்லாம் அம்மாவின் கைப்பேசியில்தான். நான் நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் வகுப்பைத் தவறவிட்டதில்லை. ஆசிரியை சொல்லச் சொல்ல நானும் உரக்கச் சொல்வேன். ஆனால் ஒலிவாங்கியை எப்போதும் மூடியே வைத்திருப்பேன். பேசும்படி அழைத்தால், "இணைப்பு சரியில்லை, டீச்சர்" என்று எழுதி அனுப்பிவிடுவேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. தவறாகச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்களே என்ற பயம்தான் உண்மையான காரணம். இதை இப்போதுதான் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன், டீச்சர் மன்னிப்பார்களாக!

2021 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் வகுப்புகள் மீண்டும் திறந்தன. முதல் வாரத்திலேயே ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, எந்தத் தெருவில் வசிக்கிறோம் என்று பிரெஞ்சில் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து நம்பிக்கையோடு சொன்னேன். ஆசிரியை புன்னகையுடன், "நீ சக்கரத்திலா குடியிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். வகுப்பே சிரித்தது.

விஷயம் இதுதான். பிரெஞ்சில் தெருவுக்கு 'ர்யூ' என்பது போன்ற ஒரு சொல். சக்கரத்துக்கு 'ரூ' என்ற சொல். 'ர்யூ' என்று எழுதினேனே தவிர, அந்த உயிரொலி தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. உதடுகளை 'ஊ' என்று குவித்துக்கொண்டு, வாய்க்குள்ளே நாக்கை 'ஈ' என்று சொல்வது போல் வைக்க வேண்டும். நான் ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் உரக்க, தெளிவாக, தவறாகச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தேன். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. என்னைக் கேட்டவர் எவரும் இல்லை. கேட்கவிடாமல் செய்தவளும் நானேதான்.

ஆசிரியை என் அருகில் வந்து நின்று சொல்லிக் காட்டினார்கள். ஆனால் அப்போது எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்த காலம். உதடு தெரியவில்லை! அன்றிரவு அவர்கள் தம் வீட்டில் முகக்கவசமின்றித் தம் வாயசைவை மட்டும் அருகில் பதிவு செய்து, எங்கள் வகுப்புக் குழுவுக்கு ஒரு சிறு காணொளியாக அனுப்பினார்கள். கண்ணாடி முன் நின்று அதைப் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்துப் பழகினேன். மறுநாள் வகுப்பில் நான் சொன்னதை அவர்கள் கேட்டு, "இன்னும் கொஞ்சம் குவி, இன்னும் கொஞ்சம்" என்று திருத்தினார்கள். நான்காம் நாள் நான் சக்கரத்திலிருந்து இறங்கித் தெருவுக்குக் குடிவந்தேன்.

உருகுவேயைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான், எங்கள் ஆசிரியை அன்று செய்ததும் ஒரு கலப்பு முறைப் பாடம் என்பது எனக்குப் புரிந்தது. காட்ட முடியாததைத் திரை காட்டியது. திரை கேட்காததை ஆசிரியையின் காது கேட்டது.

இதே காலத்தில் என் தோழி ஒருத்தி பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதை அவள் அப்பா ஆட்டோ ஓட்டப் போகும்போது எடுத்துச் சென்றுவிடுவார். இரவு அவர் திரும்பிய பிறகுதான் அவள் பாடத்தைப் பார்ப்பாள். பல நாட்கள் தூக்கத்தில் பார்க்காமலும் விடுவாள். எனக்குக் கருவி இருந்தும் துணிவில்லை. அவளுக்குத் துணிவிருந்தும் கருவியில்லை. உருகுவே முதலில் ஒவ்வொரு குழந்தைக்கும் கணினியைத் தந்துவிட்டு, அதன்பிறகே இணையவழிப் பாடத்தைத் தொடங்கியது எவ்வளவு சரியான வரிசை என்பதை அவளை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

எது திரைக்கு, எது வகுப்புக்கு?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, எந்த வேலையை எங்கே செய்வது நல்லது என்று ஓரளவு வகுத்துக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவற்றைத் திரைக்கு விடலாம். சொற்களைக் கேட்பது, தாய்மொழிக்காரரின் பேச்சைக் கேட்பது, இலக்கண விளக்கத்தைப் புரியும் வரை பார்ப்பது ஆகியவை இதில் அடங்கும். திரைக்குச் சலிப்பு கிடையாது. நான்காம் முறை கேட்டாலும் கோபித்துக்கொள்ளாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாத மாணவர்களுக்காக 2007ஆம் ஆண்டில் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால், வகுப்பு நேரம் முழுவதையும் பயிற்சிக்கே செலவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். பேச்சுப் பயிற்சியே உயிராக உள்ள மொழி வகுப்புக்கு இது மிகவும் பொருந்தும்.

சில தேர்வுகளையும் திரையில் நடத்தலாம். உருகுவேயில் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் தேர்வு கணினியில் எழுதப்படுவது. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகவும், தவறினால் எளிதாகவும் வரும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. அதனால் நன்கு படிக்கும் குழந்தைக்குச் சலிப்பும், பின்தங்கிய குழந்தைக்கு மனச்சோர்வும் ஏற்படுவதில்லை.

உரையாடல், நாடகம், உச்சரிப்பைத் திருத்துதல், வாய் திறக்கப் பயப்படுபவளை மெல்லப் பேச வைத்தல் ஆகியவை வகுப்புக்கு உரியவை. நாம் சிரித்தாலும் விழித்தாலும் அருகில் இருப்பவர் அந்தக் கணமே அறிந்துகொள்வார். சக மாணவியோடு தட்டுத்தடுமாறிப் பேசி, அவளும் தடுமாறி, இருவரும் சிரித்து, மீண்டும் பேசுவதற்கு ஈடான பயிற்சி ஏது?

முடிவுரை

கருவி வந்தால் ஆசிரியர் தேவையில்லை என்பாரும் உண்டு. ஆசிரியர் இருக்கும்போது கருவி எதற்கு என்பாரும் உண்டு. தேர் ஓட இரண்டு சக்கரங்களும் வேண்டும். (நான் குடியிருந்த சக்கரத்தைச் சொல்லவில்லை!) தொலைவில் உள்ள அறிவை அருகில் கொண்டுவரத் திரை வேண்டும், அந்த அறிவு நம்முள் இறங்கியதா என்று பார்க்க அருகில் ஓர் ஆசிரியை வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் மகள் கைப்பேசியின் முன் அமர்ந்து புரியாத ஒரு மொழியில் சத்தமாகத் தவறு செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். முடிந்தால் அவளோடு சேர்ந்து நீங்களும் ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உருகுவேயின் ஆசிரியைகள் செய்வது அதைத்தான்.

தோழியரே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை திரையில் உங்கள் பெயரை அழைக்கும்போது, இணைப்பு சரியில்லை என்று எழுதாதீர்கள். ஒலிவாங்கியைத் திறந்து பேசுங்கள். தவறாகப் பேசினால் ஒரு நாள் சிரிப்பார்கள். பேசாமலே இருந்தால் என்னைப் போல் ஓராண்டு சக்கரத்தில் குடியிருக்க நேரும்.